மரம் எப்போதும் இடக்கைப் பக்கம்

குளுவாங் திடலில் செல்லப்பன் குப்புற விழுந்து, வாயெல்லாம் மண்ணோடு எழுந்து நின்ற இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். 'ஐயோ பாவம்' என்று சிலர் சொல்லியிருப்பீர்கள். 'இவ்வளவுதானா இவன் ஓட்டம்?' என்று சிலர் உதட்டைப் பிதுக்கியிருப்பீர்கள். பிதுக்கியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவன் விழுந்தது அவன் குற்றமில்லை.

இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெங்கத்துக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி ஒரு கித்தாத் தோட்டம், ரப்பர்த் தோட்டம்தான். அங்கே பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டுகிறவள் வெள்ளையம்மா. அவள் தம்பி செல்லப்பன். கித்தா விலை விழுந்து, ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பிய சமயத்தில் இவர்களுடைய அப்பா அய்யாவுவும் போனார். போனவர் அங்கேயே கண்ணை மூடினார். அதே கப்பலில் போன வெள்ளையம்மாவின் புருஷன் காளியப்பன் கண்ணை மூடவில்லை. வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஊரில் நன்றாகத்தான் இருக்கிறான். ஆக, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறை, அதில் அக்காவும் தம்பியும். இரண்டு பக்கத்து அறைகளிலும் பூட்டுத் தொங்குகிறது.

சிங்கப்பூரில் ஒரு பட்டறையைச் சேர்ந்தவர்கள் தங்கள் பந்தாட்டக் குழுவுக்குக் கால் வேகமான பையன்களைத் தேடுகிறார்கள். எடுத்தால் பட்டறையிலேயே வேலை, தங்க இடம், அன்று சாயங்கால ரயிலிலேயே பயணம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி விசுவலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். பந்து என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அவர்தான் செல்லப்பனைக் குளுவாங்குக்குக் கூட்டிப் போனார். நேர் ஓட்டத்தில் இவனை யாராலும் தொட முடியவில்லை. கம்புகளை நட்டு வளைந்து வளைந்து ஓடச் சொன்னார்கள். இடப்பக்கம் திரும்பும்போது காற்றாகத் திரும்பினான். வலப்பக்கம் திரும்ப வேண்டிய கம்பிலெல்லாம் சறுக்கினான், கடைசியில் விழுந்தான். கிராணி அவர்களுடைய கையைக் காலைப் பிடித்து, இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை பார்க்கச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

பால் வெட்டு இல்லாத நாள். விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டாம். வெள்ளையம்மா கோப்பி வைத்துவிட்டுத் தம்பியைத் தேடினாள். பாயில் ஆள் இல்லை. எங்கே போயிருப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்து வெட்டவெளிக்கு நடந்தாள். பழைய மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி நடாமல் போட்டிருக்கும் நிலம் அது. இவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பாடாங், விளையாட்டுத் திடல்.

செல்லப்பன் குச்சிகளை நட்டு வைத்துக்கொண்டு தனியாக ஓடிக்கொண்டிருந்தான். வலப்பக்கக் குச்சி வந்தது. கால் பின்னியது. விழுந்தான். எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினான். மறுபடி அதே குச்சி, அதே விழுகை.

வெள்ளையம்மா கோப்பிக் குவளையோடு பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் ஏன் விழுகிறான் என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமையே தெரியும். 

செல்லப்பனுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தது வேறு யாருமில்லை, இவள்தான். குமரியாய் இருந்தபோது தோட்டத்துப் பந்தயத்தில் பெண்களுக்குள் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அம்மா செத்துப்போன பிறகு தம்பியை அழவிடாமல் வைத்திருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு ஓட்டம். மேட்டில் ஏறி ஓட விட்டாள். தோளில் காண்டாக் கம்பும் இரண்டு வாளித் தண்ணீருமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் வேக நடை நடக்க விட்டாள். சிந்தினால் மறுபடி ஆற்றுக்குப் போக வேண்டும். தண்ணீர் ஓடும் கானுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாகத் தாவ விட்டாள். கோழி பிடிக்க விட்டாள். அந்தக் கோழி விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு: இடப்பக்கம் ஓடிய கோழியெல்லாம் இவன் கையில் மாட்டியது, வலப்பக்கம் ஓடியதெல்லாம் தப்பித்துக்கொண்டது. தப்பித்த கோழிக்கு ஆயுசு கெட்டி என்று அக்காவும் தம்பியும் சிரித்ததோடு சரி.

எல்லாவற்றையும்விட அதிகமாக அவள் ஓட விட்டது கித்தா மர நிரைகளுக்குள்தான். ஒரு மரத்துக்குப் பாய வேண்டும், அதை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அடுத்த மரத்துக்குப் பாய வேண்டும். எப்படிச் சுற்றுவது? பால் வெட்டுகிறவள் எப்படிச் சுற்றுவாளோ அப்படித்தான். பட்டையில் கோடு இடமிருந்து வலமாக இறங்கும், கத்தி வலக்கையில் இருக்கும், மரம் எப்போதும் இடக்கைப் பக்கம். அவள் அம்மா அப்படிச் சுற்றினாள், அவள் அப்படிச் சுற்றினாள், தம்பியையும் அப்படியே சுற்ற விட்டாள். வேறு மாதிரி சுற்றலாம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

திங்கட்கிழமை காலை தன் நிரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது எதேச்சையாகக் கீழே பார்த்தாள். மரத்தடியில் புல் ஒரு பக்கமாகத் தேய்ந்து, தன் காலடித் தடம் வளைந்து கிடந்தது. அடுத்த மரத்தடியைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். எல்லாம் ஒரே பக்கமாகத்தான் வளைந்திருந்தன. கத்தியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்பியின் வலது கால்தான் இத்தனை காலமும் உந்திப் பழகியிருக்கிறது, இடது காலுக்கு அந்த வேலையே கொடுக்கப்படவில்லை. அவனை நொண்டியாக்கி வைத்தது தன் கைதான் என்று அன்றே புரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் சொல்ல வாயைத் திறந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொன்னால் திருத்திக்கொள்வான், திருத்திக்கொண்டால் போய்விடுவான், அப்புறம் இந்த அறையில் யாரோடு பேசுவது? "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டு வாயை மூடிக்கொண்டாள். செவ்வாய் போனது, புதன் போனது. ஒவ்வொரு நாளும் ரசம்தான் ஊற்றினாள்.

"அக்கா!" செல்லப்பன் அவளைப் பார்த்துவிட்டான். மூச்சு வாங்க வந்து குவளையை வாங்கிக்கொண்டான். "வேணாங்கா. கிராணி ஐயாகிட்ட சொல்லிடலாம். எனக்கு வராது."

"எது வராது?"

"ஓட்டம்தான். என் கால் சரியில்ல. பொறப்புலயே என்னமோ கோளாறு. நீ எம்புட்டுச் சொல்லிக்குடுத்த, எனக்கு ஏறல பாரு." அவன் குவளைக்குள் பார்த்துக்கொண்டே பேசினான். "நாளைக்கு நானும் பெரட்டுல பேர் குடுத்துர்றேன். புல்லு வெட்டவாவது எடுப்பாங்கல்ல?"

அவள் ஆசைப்பட்டது அதுதானே? தம்பி இங்கேயே இருந்துவிடுவான். கையைக் கழுவிவிட்டுப் போய்விட வேண்டியதுதானே? ஆனால் பாருங்கள், தன் பிள்ளையாக வளர்த்தவன் தன் காலைத் தானே குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை. 

"உன் கால்ல ஒரு மண்ணும் இல்ல. குவளைய கீழ வை. இங்க வா."

வெட்டவெளி நடுவில் போய்க் கையைப் பக்கத்தில் ஒட்டி விறைப்பாக நின்றாள்.

"என்னக்கா பண்ற?"

"நான்தான் மரம். என்னைச் சுத்து."

அவன் சிரித்துக்கொண்டே பாய்ந்து வந்தான், பழக்கப்படி அவளை இடக்கைப் பக்கம் விட்டு வழுக்கிக்கொண்டு சுற்றினான். அத்தனை அழகு.

"இப்ப வலக்கைப் பக்கம் விட்டுச் சுத்து."

பாய்ந்து வந்தான். வந்த வேகத்தில் அவள் மேலேயே மோதி, இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள். "அலமாக்! மரமே சாஞ்சிருச்சு," என்று செல்லப்பன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த லயத்தில் அவள் சிரித்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மரத்தடிப் புல்லைச் சொன்னாள், கத்தி பிடிக்கும் கையைச் சொன்னாள், தப்பித்த கோழிகளைச் சொன்னாள். "வலப்பக்கம் திரும்பணும்னா எடது கால ஊனி ஒதைக்கணும்டா. நீ அங்கயும் வலது காலையே தேடுற. அது உள்பக்கம் மாட்டிக்குது, பின்னிக்குது. கம்பு கிட்ட வர்றப்ப கால் எட்டைக் குறுக்கு, இடுப்பைத் தாழ்த்து. கம்பைப் பாக்காத. போற எடத்தைப் பாரு."

மறுபடி மரமானாள். அவன் சுற்றினான். முதலில் தடுமாறினான், பிறகு தோளில் இடித்தான், பிறகு சேலை முந்தானையை மட்டும் உரசிக்கொண்டு போனான். வெயில் ஏறியது. கடைசியில் காற்று மட்டும் அவள் மேல் பட்டது. ஒரு காலை வேளையில் முழுசாகத் திருந்திவிடாது, அது அவளுக்கும் தெரியும். ஆனால் இடது கால் விழித்துக்கொண்டுவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

செல்லப்பன் திடீரென்று நின்றான்.

"இது உனக்கு எப்பக்கா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். 'இப்பத்தான், நீ விழுந்தப்ப' என்று ஒரு வார்த்தை போதும். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

"திங்கக்கெழமை."

"திங்கக்கெழமையா?" அவன் விரல் விட்டுக்கூட எண்ணவில்லை. முகம் சுருங்கிவிட்டது. "ஒரு வாரம் பூரா நான் விழுந்து எந்திரிச்சிட்டு இருக்கேன். நீ பாத்துக்கிட்டே இருந்தியா?"

"நீ போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?"

அவன் நட்ட குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கையில் சேர்த்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினான். அவள் பின்னாலேயே நடந்தாள். 

கிராணியின் சைக்கிள் மணி கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்.

"எடுத்துட்டாங்கன்னா சாயங்கால வண்டில அப்படியே சிங்கப்பூர் போயிருவேன். இங்க தாண்டறப்ப துண்டைக் காட்டுறேன். எடுக்கலைன்னா துண்டு இருக்காது. ரெங்கத்துல எறங்கி நடந்து வந்துர்றேன்."

"நான் வந்து நிக்கிறேன்டா."

"வந்தா வா."

அவ்வளவுதான். எந்தப் பக்கம் நிற்பாய் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது? ரயில் பார்க்க நிற்கிறவர்கள் நிற்கிற இடத்தில் நிற்பார்கள். சிறு வயதிலிருந்து இவர்கள் நிற்கிற இடம் லயத்துப் பக்கம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து வேலியோரம்.

மத்தியானம் நகரவே மாட்டேன் என்றது. மிச்சமிருந்த ஒன்றிரண்டு குடும்பங்களும் ரெங்கத்துக் கடைத்தெருவுக்குப் போய்விட்டன. வெள்ளையம்மா அறையைப் பெருக்கினாள். பெருக்கின அறையையே இன்னொரு தடவை பெருக்கினாள். அந்தப் பக்கத்து அறையில் முன்பு தனலெட்சுமி குடும்பம் இருந்தது, விடிந்தால் சண்டைச் சத்தம்தான். அந்தச் சண்டையைக் கேட்க இப்போது அவள் என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள். கோழி வாசலில் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. "என்னடி, நீயும் தனியாவா இருக்க?" என்று அதனிடம் கேட்டாள். அது அரிசி தேடிக்கொண்டு போய்விட்டது.

வெயில் தாழ்ந்ததும் வேலியோரம் போய் வழக்கமான இடத்தில் நின்றாள். நின்றவளுக்கு ஒரு யோசனை வந்தது. காலையில் நடந்த சிரிப்பும் சண்டையும் எல்லாம் அந்தப் பக்கத்து வெட்டவெளியில்தானே? வண்டி வரும்போது தம்பி அந்த இடத்தைத்தான் பார்ப்பான். தான் மரமாக நின்ற அதே இடத்தில் தன்னைப் பார்த்தால் அவன் மனம் இளகும். காலமெல்லாம் ஒரே பக்கமே போய்ப் போய்த்தானே இவ்வளவு வினையும்? இன்றைக்காவது பழக்கத்தை விடுவோம் என்று தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். வெட்டவெளி நடுவில், காலையில் நின்ற இடத்தில், பளிச்சென்று தெரியும்படி நின்றாள்.

வண்டி வந்தது. சன்னல் சன்னலாகப் பார்த்தாள். தொப்பி போட்ட ஒரு மலாய்க்காரர். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்ட ஒரு சீனத்தி. சாத்தின சன்னல்கள். தூங்கி வழிகிற ஒரு கிழவர். கடைசிப் பெட்டியும் போனது. சிவப்பாக எதுவுமில்லை. வண்டிச் சத்தம் ரெங்கம் பக்கம் தேய்ந்து போனது.

துண்டு இல்லை. அப்படியானால் எடுக்கவில்லை. அப்படியானால் வருகிறான்!

"அப்பாடா!" வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவளைத் திட்ட நினைக்கிறவர்கள் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள். அவள் திட்டு வாங்கிக்கொள்ளத் தயார். அந்த நேரத்துக்கு அவள் கால் தரையில் படவில்லை. ஓடினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டி லயம் வரைக்கும் ஓடினாள்.

தோற்று வருகிற பிள்ளைக்கு வெறும் ரசமா ஊற்றுவது? வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழியைத் துரத்தினாள். அது வழக்கப்படி வலப்பக்கம் வெட்டியது. வெள்ளையம்மா இடது காலை ஊன்றி உதைத்துத் திரும்பினாள். கோழி கையில் மாட்டிக்கொண்டது. தம்பி வந்ததும் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிராணி ஐயாவிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம், அதற்குள் இரண்டு காலையும் சரி பண்ணிவிடலாம், அதற்குப் பிறகு போனால் போகட்டும். இன்னும் ஒரு வாரம் கிடைத்ததே, அது போதும்.

குழம்பு கொதித்தது. இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்தாள். வாசலில் காலடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சைக்கிள் மணி கேட்டது.

கிராணி விசுவலிங்கம் மூச்சிரைக்க இறங்கினார். முகமெல்லாம் பல்லாக இருந்தது. பின்னால் யாரும் இல்லை.

"வெள்ளையம்மா! பெடியன் மானத்தைக் காப்பாத்திப் போட்டான். ஒரு கம்பிலைதான் கொஞ்சம் தட்டினவன், மற்றதெல்லாம் என்ன திரும்பல்! பட்டறையிலையிருந்து பாக்க வந்த வெள்ளைக்காரனே கை தட்டினவன். உடனையே எடுத்துப்போட்டாங்கள். நான் ரெங்கத்திலை இறங்கிட்டன், அவன் அந்த வண்டியிலேயே சிங்கப்பூருக்குப் போயிட்டான்."

வெள்ளையம்மா கையில் கரண்டியோடு நின்றாள்.

"துண்டு... துண்டைக் காட்டலையே ஐயா?"

"காட்டேல்லையோ?" கிராணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏறினதிலையிருந்து லயத்துப் பக்கச் சன்னலை விட்டு அசையேல்லை. அக்கா எப்பவும் குழாயடியிலைதான் நிப்பா எண்டு சொல்லிச் சொல்லி, பாதி உடம்பை வெளியிலை விட்டுக்கொண்டு துண்டை ஆட்டு ஆட்டெண்டு ஆட்டினான். விழுந்துபோவான் எண்டு நான்தான் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். குழாயடியிலை ஒருத்தரும் இல்லை. நீ எங்கை நிண்டனி?"

"நான் அந்தப் பக்கம் நின்னேன் ஐயா," என்றாள் வெள்ளையம்மா.  மறுபடி சொன்னாள். "பாடாங்கு பக்கம் நின்னேன்."

கிராணியின் சிரிப்பு போய்விட்டது. சைக்கிள் கைப்பிடியைத் தேவையில்லாமல் துடைத்தார்.

"என்ன சொன்னான் ஐயா?"

"ஒண்டும் சொல்லேல்லை." கொஞ்சம் தயங்கினார். "'அக்காவுக்கு நான் போறதிலை இஷ்டமில்லை ஐயா, அதுதான் வரேல்லை' எண்டவன். துண்டை மடிச்சு மடியிலை வைச்சுக்கொண்டு குனிஞ்சபடி இருந்தவன். நான் இறங்கேக்கையும் நிமிரேல்லை."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவன் கோபம் தீர்ந்துதான் துண்டை ஆட்டியிருக்கிறான், அந்த ஆட்டலுக்கு வெறும் குழாயும் பூட்டின கதவுகளும்தான் பதில் சொல்லியிருக்கின்றன. பழக்கத்தை விட வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள், தானும் அன்றைக்கே விட்டுத் தொலைத்தாளே!

"சிங்கப்பூர்ல எங்க தங்குவான் ஐயா?"

"அது எனக்கும் தெரியாது பிள்ளை. பட்டறைக்குப் போய்த்தான் விசாரிக்க வேணும்."

"காலையில வண்டி இருக்கா?"

கிராணி திடுக்கிட்டார். "இருக்கு. ஆனா விடியப் பெரட்டிருக்கு. வேலை கேட்டு ஆக்கள் வாசல்லை நிக்கிற காலம் இது. நீ வேலைக்கு வராமல் நிண்டியெண்டால் தோட்டத்துத் துரை உன்ரை பேரை வெட்டிப்போடுவார், அறையும் போயிடும். யோசிச்சுச் செய்." அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

வெள்ளையம்மா அடுப்பை அணைத்தாள். குழம்புச் சட்டியை மூடினாள். கழுவிக் கவிழ்த்த தட்டுகள் இரண்டும் அப்படியே இருந்தன.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நடந்து போய்க் குழாயடி வேலியோரம், வழக்கமான இடத்தில் நின்றாள். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் வண்டி எதுவும் கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் முந்தானையை எடுத்து, ரெங்கம் பக்கம் பார்த்து, ஆட்டினாள்.